ரோன் சிரா, பரோசா ஷிராஸ்: சேலம், ஏற்காடு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் விளையும் சிரா, ஆஸ்திரேலியாவின் பரோசாவில் விளையும் ஷிராஸ் ஆகிய இரண்டும் கனமான சிவப்பு ஒயின்கள். எதை வாங்குவது, நம் சாப்பாட்டுக்கு எது பொருந்தும், சேலத்து வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது என்று வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே மது விற்கலாம். இந்தப் பக்கமும் அவர்களுக்கானதுதான்.

சிரா வேறு, ஷிராஸ் வேறா?

திராட்சை ஒன்றுதான். 1998-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் பிரான்ஸின் மோன்பெல்லியே ஆய்வாளர்களும் மரபணுச் சோதனை செய்து இதன் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று டியுரேசா என்ற கருந்திராட்சை, மற்றது மோந்தூஸ் பிளாங்ஷ் என்ற வெள்ளைத் திராட்சை. இரண்டுமே தென்கிழக்கு பிரான்ஸைச் சேர்ந்தவை. பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த திராட்சை என்ற கதை அதோடு முடிந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு இது 1832-இல் போனது. ஆஸ்திரேலியத் திராட்சை வளர்ப்பின் முன்னோடி ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவில் திரட்டி அனுப்பிய கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் பரோசாவிலும் நட்டுவிட்டார்கள். பிறகு நடந்ததுதான் வியப்பு. 1860-களில் தொடங்கி ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. அங்கே எல்லாவற்றையும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டி மறுபடி நட வேண்டியிருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி நுழையவே இல்லை. ஆகவே இந்தத் திராட்சையின் மிக வயதான கொடிகள் அதன் தாய்மண்ணில் இல்லை, பரோசாவில் இருக்கின்றன. 1843-இல் நட்டவை இன்றும் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. பரோசாக்காரர்கள் கொடிகளை வயதுப்படி 35, 70, 100, 125 ஆண்டுகள் என நான்கு படிகளாகப் பிரித்து 2009-இல் ஒரு சாசனமே எழுதினார்கள். வயதான கொடியில் கொத்து குறைவு, சாறு அடர்த்தி. அதற்குத்தான் அந்த விலை.

'கனமான ஒயின்' என்றால் என்ன? கறுப்பாக இருந்தால் கனமா?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. வாயில் உணரும் எடையைத்தான் கனம் என்கிறோம். அதை முதலில் தருவது ஆல்கஹால். அடுத்தது தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பும் மற்றச் சாரங்களும். இனிப்பும் கனத்தைக் கூட்டும், ஆனால் இங்கே பேசும் இரண்டும் இனிப்பில்லாத ஒயின்கள். பரோசா ஷிராஸ் முதல் வாயில் இனிப்பாகத் தெரிவதற்குப் பழுத்த பழ வாசனையும் ஆல்கஹாலும் பீப்பாயின் வனிலாவும் காரணம். சர்க்கரை அல்ல.

பரோசா பாட்டில்களில் 14 முதல் 15.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். வடக்கு ரோனில் வழக்கமாக 12.5 முதல் 14. பரோசாவின் கனம் பழத்திலும் ஆல்கஹாலிலும் இருக்கிறது. ரோனின் கனம் துவர்ப்பிலும் புளிப்பிலும் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

ஒரே திராட்சை இவ்வளவு மாறுவது ஏன்?

வெயில்தான் காரணம், சேலத்துக்காரர்களுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்? சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் எட்டு டிகிரி இறங்கிவிடுகிறது.

பரோசாவுக்குள்ளேயே இதன் சிறிய வடிவம் உண்டு. பள்ளத்தாக்கின் தரைப்பகுதி சுமார் 250, 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை ஒட்டிக் கிழக்கே உயரும் ஈடன் பள்ளத்தாக்கு 400-இலிருந்து 550 மீட்டர் வரை போகிறது. தரைப்பகுதி ஷிராஸ் கருந்திராட்சை ஜாம், சாக்லேட் பக்கம் சாயும். ஈடன் ஷிராஸில் புளிப்பு நிமிர்ந்து நிற்கும், மிளகும் மூலிகையும் எட்டிப் பார்க்கும். லேபிளில் 'பரோசா' என்று மட்டும் இருந்தால் இரண்டு இடத்துப் பழமும் கலந்திருக்கலாம். 'பரோசா வேலி' என்றிருந்தால் தரைப்பகுதி.

வடக்கு ரோன் பூமத்திய ரேகைக்கு வடக்கே 45 டிகிரியில் இருக்கிறது. சிரா பழுக்கக்கூடிய எல்லைக்கு அருகில். மிஸ்ட்ரல் என்ற வடகாற்று அடிக்கடி அடிக்கும். பெயர்பெற்ற தோட்டங்களில் கொடிகள் கருங்கல் சரிவில், படிப்படியாகக் கட்டிய மேடைகளில், ஒவ்வொன்றும் ஒரு கம்பில் கட்டப்பட்டு நிற்கின்றன. இயந்திரம் ஏறாது, எல்லாமே கைவேலை. பழம் மெதுவாகப் பழுப்பதால் சர்க்கரை ஏறும்போது புளிப்பு முழுவதும் கரைந்துவிடுவதில்லை. பரோசாவின் வெயிலில் புளிப்பு வேகமாக இறங்கும். அங்கே டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிசெய்வது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, வழக்கமான வேலை.

மிளகு வாசனை என்கிறார்களே, உண்மையில் மிளகு சேர்க்கிறார்களா?

இல்லை. ஆனால் அது கற்பனையும் இல்லை. சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறும் மிளகுக்கொடியின் மணிக்கும் ரோன் சிராவின் தோலுக்கும் பொதுவான ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் ரோட்டண்டோன். ஒயினில் வரும் மிளகு வாசனைக்கு இதுவே காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அத்தனை வீரியம்.

இந்தப் பொருள் குளிர்ச்சியான, ஈரமான ஆண்டுகளிலும் இலை நிழலில் தொங்கும் கொத்துகளிலும் கூடுதலாக உண்டாகிறது. பழுக்கும் காலத்தில் கொத்து 25 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சூடானால் குறைந்துவிடும். ரோனில் மிளகு துலக்கமாகவும் பரோசா தரைப்பகுதியில் மங்கலாகவும் இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனையே தெரியாது. உங்கள் நண்பர் "மிளகு தூக்குகிறது" என்று சொல்லும்போது உங்களுக்கு ஒன்றும் வரவில்லையென்றால் உங்கள் ரசனையில் குறை இல்லை, மூக்கின் பிறவி அமைப்பு அப்படி. அப்படிப்பட்டவர்களுக்கு ரோன் சிராவின் சிறப்பில் பெரும்பங்கு போய்விடுகிறது. அவர்கள் விலையுயர்ந்த ரோன் பாட்டிலுக்குப் பணம் போடும் முன் ஒரு சாதாரண பாட்டிலில் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ரோன் பாட்டிலில் திராட்சைப் பெயரே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரெஞ்சு லேபிள் ஊர்ப் பெயரைத்தான் சொல்லும். வடக்கு ரோனில் சிவப்பு ஒயினுக்கு நினைவில் வைக்க வேண்டிய ஊர்கள் ஐந்து. கோர்னாஸ் முழுக்க முழுக்க சிரா, கரடுமுரடான துவர்ப்பு. எர்மிட்டாஜ் ஒரே குன்று, ஐந்தில் மிகக் கனமானது, பதினைந்து இருபது ஆண்டு தாங்கும். கோத் ரோட்டியில் 20 சதவீதம் வரை வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சிராவோடு சேர்த்தே புளிக்கவிட அனுமதி உண்டு. அதனால் பூவாசம் வரும், கனம் சற்றுக் குறைவு. சாங் ஜோசஃபும் குரோஸ் எர்மிட்டாஜும் விலை எட்டக்கூடியவை. குரோஸ் தான் பரப்பில் பெரியது, அதிலும் பெரும்பகுதி சமதளம். ஆகவே தரம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

'கோத் டு ரோன்' என்று மட்டும் எழுதியிருப்பது பெரும்பாலும் தெற்கு ரோனில், கிரெனாஷ் என்ற வேறொரு கருந்திராட்சையை முதன்மையாக வைத்துச் செய்யும் கலவை. அது தனி ஒயின், நல்ல ஒயினும்கூட, ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு உதவாது. பலர் அதை வாங்கிக் குடித்துவிட்டு "ரோன் சிராவில் மிளகே இல்லை" என்கிறார்கள். 'கொலீன் ரோதானியென்' என்ற பெயரைப் பார்த்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதே வட்டாரத்தின் சிரா, பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும்.

ஆஸ்திரேலிய லேபிள் எளிது. திராட்சை, ஊர், ஆண்டு மூன்றையும் எழுதினால் ஒவ்வொன்றிலும் குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று இருந்தால் அது பல மாநிலங்களை அடக்கிய பெரிய வட்டம். நிறுவனம் பரோசாவில் இருந்தாலும் அந்தப் பாட்டிலில் இருப்பது பரோசா ஒயின் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய ஆஸ்திரேலிய பாட்டில்களில் 'எர்மிட்டாஜ்' என்ற சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே ஷிராஸை அப்படியும் அழைத்தார்கள். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் 1951-இல் சோதனையாகத் தொடங்கிய கிரேஞ்ச் என்ற புகழ்பெற்ற ஷிராஸ் கூட 1989 ஆண்டுப் பாட்டில் வரை 'கிரேஞ்ச் எர்மிட்டாஜ்' என்றே வந்தது.

எந்த ஆண்டுப் பாட்டிலை எடுப்பது?

பரோசாவில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ரோனில் செப்டம்பர். ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் பரோசா பாட்டில் அரையாண்டு மூத்தது. 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரோனில் ஏப்ரல் பனி கொடியைக் கருக்கியது, கோடையும் குளிர்ச்சி. ஒயின் மெலிவாகவும் மிளகு தூக்கலாகவும் வந்தது. பரோசாவுக்கு அதே 2021 மிக நல்ல ஆண்டு. ரோனில் 2018, 2022 போன்ற வெப்பமான ஆண்டுகளில் ஆல்கஹால் 14-ஐத் தாண்டும், பரோசாவின் பக்கம் நெருங்கும். கடையில் நிற்கும்போது லேபிளின் ஓரத்தில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ஆண்டுப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அது உதவும்.

பீப்பாய் என்ன செய்கிறது?

பரோசாவின் பழைய வழக்கம் அமெரிக்க ஓக், சுமார் 300 லிட்டர் பீப்பாய். வனிலா, தேங்காய், இனிப்பு மசாலா வாசனை அதிலிருந்து வருகிறது. ரோனில் பிரெஞ்சு ஓக். பலர் பழைய பீப்பாயையும் 600 லிட்டர் பெரிய பீப்பாயையும் விரும்புகிறார்கள், மர வாசனை பின்னால் நிற்கட்டும் என்று. இப்போது பரோசாவிலும் பிரெஞ்சு ஓக்குக்கு மாறியவர்கள் நிறைய. ரோனில் சிலர் காம்போடு சேர்த்தே புளிக்கவிடுவார்கள். அது மூலிகை வாசனையையும் கூடுதல் துவர்ப்பையும் தரும்.

நம் சாப்பாட்டோடு எது?

பொதுவாக ரோன் சிரா என்பதுதான் எங்கள் பதில். காரணங்கள் மூன்று.

முதலாவது மிளகாய். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் இரண்டு மடங்கு எரியும். பள்ளிபாளையம் சிக்கனில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு வதக்கியிருப்பார்கள். அதோடு 15 சதவீத பரோசாவைக் குடித்தால் பழ வாசனை அடங்கி, ஆல்கஹால் எரிச்சல் மட்டும் மிஞ்சும். ரோனின் 13 சதவீதம் ஓரளவு தாங்கும். உண்மையைச் சொன்னால், அந்த அளவு மிளகாய்க் காரத்துக்கு இரண்டுமே சரியான துணை இல்லை.

இரண்டாவது புளி. புளிப்பான குழம்பு சாப்பிட்டபின் ஒயினின் புளிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும். ஏற்கெனவே புளிப்பு குறைந்த பரோசா அப்போது சப்பென்று ஆகிவிடும். ரோனுக்குக் கொஞ்சம் இழந்தாலும் மிச்சம் இருக்கும்.

மூன்றாவது மிளகு. மட்டன் மிளகு வறுவல், மிளகு போட்ட ஈரல் வறுவல், காளான் மிளகு வறுவல் ஆகியவை ரோனுக்கென்றே செய்தவைபோலப் பொருந்தும். ஏற்காட்டு மிளகைக் கடைசியில் கரகரப்பாகப் பொடித்துத் தூவுங்கள். முதலிலேயே போட்டு வதக்கினால் வாசனை பறந்து உறைப்பு மட்டும் நிற்கும். மிளகாயைப் பாதியாகக் குறைத்து, மிளகை ஒன்றரை மடங்காக்கினால் ஒயினும் பிழைக்கும்.

பரோசாவுக்கும் இடம் உண்டு. கரியில் சுட்ட ஆட்டுத் தொடை, நெய்யில் வறுத்த மட்டன் சாப்ஸ், காரம் குறைந்த பிரியாணி போன்ற கொழுப்பும் கருகல் வாசனையும் உள்ளவற்றோடு அது அசத்தும். கொழுப்பு துவர்ப்பை மென்மையாக்குகிறது, சுட்ட வாசனை பீப்பாய் வாசனையோடு கைகோக்கிறது. ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் வெளியே தீ மூட்டிச் சுடுவதாக இருந்தால் பரோசாவையே எடுங்கள்.

மேட்டூர் அணை மீனோடு இரண்டுமே வேண்டாம். மீனோடு சேர்ந்தால் சிவப்பு ஒயின் வாயில் உலோகச் சுவையை விடும். மல்கோவாவும் அதிரசமும் கூட வேண்டாம். இனிப்பு சாப்பிட்டபின் இனிப்பில்லாத ஒயின் புளித்த தண்ணீராகத் தோன்றும்.

சேலத்தில் வீட்டில் பாட்டிலை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக கவனம் தர வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்ததால் கெட்ட பாட்டில்களைவிட, வெயிலில் வெந்து கெட்டவை அதிகம்.

ஒயினுக்கு 12 முதல் 15 டிகிரி உகந்தது. 20-க்குள் நிலையாக இருந்தால் சில ஆண்டுகள் நிம்மதி. 28, 30-க்கு மேல் சில வாரங்கள் போனால் பழ வாசனை வெந்த பழமாக மாறத் தொடங்கும். சேலத்தில் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை பூட்டிய அறை அதைத் தாண்டிவிடும். பரணில் ஒருபோதும் வைக்காதீர்கள். மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை கீழே இறக்கும். அடுப்படி, ஃபிரிட்ஜின் மேல்தட்டு இரண்டும் அடுத்த மோசமான இடங்கள். இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையும் ஏமாற்றும். தினமும் 24-க்கும் 34-க்கும் இடையே ஏறி இறங்கினால் ஒயின் விரிந்து சுருங்கி, கார்க் வழியே காற்றை இழுக்கும்.

தரைத்தளத்தில், வடக்குச் சுவரை ஒட்டி, கட்டிலுக்கு அடியில் தெர்மாகோல் பெட்டிக்குள் வைப்பது மற்ற மாதங்களுக்குப் போதும். கோடை மூன்று மாதமும் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். திருகு மூடி பாட்டில் அங்கே எத்தனை மாதமும் இருக்கும். கார்க் பாட்டிலைப் படுக்கவைத்து, நாலைந்து மாதத்துக்குள் திறந்துவிட வேண்டும், ஃபிரிட்ஜின் வறண்ட காற்று கார்க்கை உலர்த்தும். ஆஸ்திரேலிய பாட்டில்களில் திருகு மூடி சகஜம். அதை மலிவின் அடையாளம் என்று ஒதுக்குவது தவறு. நம் ஊர் வெயிலுக்கு அதுவே பாதுகாப்பு.

ஏற்காட்டில் வீடு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அங்கே சிக்கல் ஈரம். மழைக்காலத்தில் லேபிள் பூஞ்சை பிடித்து உரிந்துவிடும். பாட்டிலை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள், ஆண்டையும் பெயரையும் தனிச் சீட்டில் எழுதிக் கழுத்தில் கட்டுங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் போதும், கார்க் மேலெழும்பி ஓரம் பிசுபிசுக்கும். மலைக்குக் கொண்டுபோவதானால் ஈரத் துணி சுற்றி, பின்சீட்டின் கீழே வையுங்கள். பத்தாண்டுக்கு மேற்பட்ட பாட்டில் வளைவுகளில் குலுங்கி வண்டல் கலங்கியிருக்கும். ஒன்றிரண்டு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறவுங்கள்.

எந்தக் குளிர்ச்சியில் ஊற்றுவது? சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்கிறார்களே?

அது ஐரோப்பியக் கல்வீடுகளின் அறை. நமக்கு 15 முதல் 17 டிகிரி வேண்டும். 'ஃபிரிட்ஜில் அரை மணி நேரம்' என்ற அறிவுரையும் 21 டிகிரி வீட்டுக்கானது. 32 டிகிரியில் இருக்கும் பாட்டில் ஃபிரிட்ஜில் 17-க்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டு, பாட்டிலைக் கழுத்தளவு மூழ்கவைத்தால் கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் கண்ணாடியைத் தொடும் பரப்பு குறைவு, நேரம் கூடும்.

கிளாஸில் ஊற்றியபின் மளமளவென்று சூடேறும். ஒருமுறைக்கு 100 மில்லிக்கு மேல் ஊற்றாமல், பாட்டிலை மறுபடி குளிரில் வையுங்கள். சூடானால் பரோசாதான் முதலில் கெடும். ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழம் கூழாகும். பரோசாவை ஒரு டிகிரி கூடுதலாகவே குளிர்வித்துவிடுங்கள்.

காற்றாட விட வேண்டுமா?

இளம் பரோசாவுக்கு அரை மணி முதல் ஒரு மணி. இளம் கோர்னாஸ், எர்மிட்டாஜுக்கு இரண்டு மணி. இருபது ஆண்டு எர்மிட்டாஜை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, குடிக்கும் நேரத்தில் மெதுவாக ஊற்றினால் போதும். முன்கூட்டித் திறந்தால் வாசனை போய்விடும்.

நம் ஊரில் இதில் ஒரு தொல்லை. கண்ணாடிக் குடுவையில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஒயின் 28 டிகிரியைத் தொடும். அதனால் குடுவைக்கு மாற்றி, பாட்டிலைத் தண்ணீரில் அலசி வடித்து, ஒயினை மறுபடி பாட்டிலுக்கே ஊற்றி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். இருமுறை ஊற்றியதிலேயே வேண்டிய காற்று கிடைத்துவிடும். குடுவை இல்லையென்றால் எவர்சில்வர் ஜக் தாராளமாகப் போதும். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் கூடாது, ஒயினின் அமிலம் உலோகத்தைக் கரைக்கும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஒரே மாதிரியான, வாய் குறுகிய கிளாஸ்கள் இரண்டு. இரண்டு பாட்டிலும் 16 டிகிரியில். விலையிலும் வயதிலும் நெருக்கமானவையாக இருக்கட்டும், குரோஸ் எர்மிட்டாஜுக்கு எதிரே நடுத்தர பரோசா, எர்மிட்டாஜுக்கு எதிரே பழங்கொடி பரோசா. ஆளுக்கு 50 மில்லி. முதலில் நான்கு மிளகை நசுக்கி ஒரு சிறு கிண்ணத்தில் முகர்ந்து, ஒரு நிமிடம் விட்டு ரோனை முகருங்கள். ரோனை முதலில் குடித்துவிட்டுப் பிறகுதான் பரோசா. வரிசை மாறினால் பரோசாவின் பழத்துக்குப் பின் ரோன் வெறும் தண்ணீராகத் தோன்றும், அது அநியாயம்.

குடித்தபின் கவனியுங்கள்: கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறுகிறதா, அது புளிப்பு. ஈறு இறுகுகிறதா, அது துவர்ப்பு. தொண்டை சூடாகிறதா, ஆல்கஹால். அறையில் மல்லிகைச் சரம், சாம்பிராணி, ஃபில்டர் காபி எதுவும் வேண்டாம். வெற்றிலை பாக்கு போட்ட வாய்க்கு ஒரு மணி நேரத்துக்கு எதுவும் தெரியாது.

திறந்ததும் கெட்ட வாசனை. பாட்டில் போச்சா?

எந்த வாசனை என்பதைப் பொறுத்தது. அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி வாசனை என்றால் காற்றுப் போதாமல் இருந்திருக்கிறது. சிராவுக்கு இது சகஜம், திருகு மூடியில் இன்னும் சகஜம். பத்து நிமிடம் நன்றாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். நனைந்த அட்டை, ஈரச் சாக்கு வாசனை கார்க்கிலிருந்து வந்தது. அது போகாது, நேரம் ஆக ஆகக் கூடும். மருந்துக் கட்டு, குதிரை லாயம், தோல் வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. பழைய பாணி ரோன் ஒயின்களில் லேசாக இருக்கும், சிலருக்கு அதுவே பிடிக்கும். பழத்தை மூடும் அளவுக்கு இருந்தால் குறைதான். வெந்த பழம், காய்ந்த பேரீச்சை வாசனையோடு கார்க் மேலே தள்ளியிருந்தால் சூடு பட்டது. அதை மட்டன் குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிடலாம். அடியில் சர்க்கரைக் கற்கண்டுபோல் படிந்திருப்பது டார்டாரிக் உப்பு, தீங்கில்லை.

ஏற்காட்டில் இந்தத் திராட்சை வளருமா?

குளிர்ச்சி மட்டும் போதாது. பரோசாவின் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில், கொடி உறங்கும்போது. ஏற்காட்டில் அதன் மூன்று மடங்கு, மே முதல் நவம்பர் வரை. இலையில் அடிச்சாம்பல் நோயும் கொத்தில் அழுகலும் ஓயாது. நம் குளிர்காலம் கொடியை உறங்கவைக்கும் அளவுக்கு இறங்குவதும் இல்லை. ஷிராஸ் விளையும் நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் ஒரு கவாத்து என இரண்டு முறை வெட்டி, மழை இல்லாத மாதங்களில் காய்க்கவைத்து, பிப்ரவரி மார்ச்சில் அறுக்கிறார்கள். நல்ல நாசிக், நந்தி மலை ஷிராஸ்கள் குணத்தில் பரோசாவுக்கே நெருக்கம், கனம் ஒரு படி குறைவு.

கம்பம் பன்னீர் திராட்சை வேறு ரகம். அதில் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஊறவைப்பது இனிப்புப் பானம். வீட்டில் மது காய்ச்சுவதற்கும் புளிக்கவைப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இறக்குமதி ஒயின் இவ்வளவு விலை ஏன்? எதில் காசுக்கு மதிப்பு?

இறக்குமதி ஒயினுக்குச் சுங்கவரி 150 சதவீதமாக இருந்தது. ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்ததும், 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 100 ஆகவும் 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 ஆகவும் உடனே குறைந்தது. பத்தாண்டில் முறையே 50, 25 ஆக இறங்க வேண்டும். மாநில வரியும் லாபமும் அதன்மேல். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம்தான். இறக்குமதி பாட்டில்களை எலைட் கடைகளில் தேடுங்கள். அலமாரியில் வெயில் படும் இடத்தில் நின்ற பாட்டிலை, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வாங்க வேண்டாம். கார்க் பாட்டிலானால் கையில் எடுத்து, கார்க்கின் மேல் சுற்றியிருக்கும் தகட்டைச் சுழற்றிப் பாருங்கள். அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே கசிந்திருக்க வாய்ப்புண்டு.

ஒன்றுக்கொன்று போதையில் வித்தியாசம் உண்டா? குடித்துவிட்டு மலை இறங்கலாமா?

150 மில்லி கிளாஸில் 13 சதவீத ரோன் சுமார் 15 கிராம் ஆல்கஹால், 15 சதவீத பரோசா சுமார் 18 கிராம். முழு பாட்டிலுக்குக் கணக்கிட்டால் பரோசாவில் 35 மில்லி பிராந்தி அளவுக்குக் கூடுதல். பழச்சுவை அதை மறைத்துவிடுவதால் வேகமாக இறங்கும். வண்டி ஓட்டச் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இரண்டு கிளாஸில் பெரும்பாலோர் அதைத் தாண்டிவிடுவார்கள். ஏற்காட்டில் குடித்தால் அன்றிரவு அங்கேயே தங்குங்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயுள்ளவர்களும் தொடவே கூடாது.

பாதி பாட்டில் மிஞ்சினால்?

375 மில்லி சிறு பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்துத் தயாராக வைத்திருங்கள். திறந்த உடனேயே அதில் விளிம்புவரை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் குடியுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் பரோசா ஒரு வாரம் வரை நிற்கும், ரோன் நாலைந்து நாள். பெரிய பாட்டிலிலேயே கால்வாசி மிச்சத்தை விட்டு வைத்தால் ஃபிரிட்ஜில்கூட மூன்றாம் நாள் காடி வாசனை தட்டும்.